விலங்கிலிருந்து கதைமாந்தர்: இளைய எழுத்தாளர்களுக்கு ஒரு பாடம்

நமது சங்கத்தின் சிறுகதைப் போட்டிக்கு வரும் கதைகளைப் படித்துத் தேர்வு செய்யும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருந்து வருகிறது. நான் தமிழ் படித்துப் பட்டம் பெற்றவன் அல்லன். டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, இயந்திரத்தோடும் எண்ணெய்ப் பிசுக்கோடும் காலம் கழித்து ஓய்வு பெற்றவன். வாசிப்புப் பழக்கம் ஒன்றே என் தகுதி. பாண்டுப், முலுண்ட், தாராவி, செம்பூர் என்று பல இடங்களிலிருந்தும் பிள்ளைகள் எழுதுகிறார்கள். ஆங்கிலப் பள்ளியில் படித்துக்கொண்டு, தெருவில் இந்தியும் மராத்தியும் பேசிக்கொண்டு, தமிழில் நான்கு பக்கம் எழுதுவது லேசான காரியம் அல்ல. ஆகவே எழுத்துப் பிழைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும். கதைக்குக் கதை "நரியைப் போல் தந்திரசாலியான மாமா" வருகிறார். "சிங்கம் போன்ற அப்பா", "பசுவைப் போன்ற அம்மா", "எருமை மாதிரி இருந்த ரௌடி" எல்லோரும் வருகிறார்கள். அந்த ஒரு வரியோடு அவர்களைப் பற்றிய வேலை முடிந்துவிட்டது என்று எழுதியவர் நினைத்துவிடுகிறார். பிறகு அந்த மாமா கதை முழுவதும் தந்திரமே செய்துகொண்டிருப்பார். இந்தப் பிள்ளைகளில் பலர் நரியை நேரில் பார்த்ததே இல்லை. நரி தந்திரம் செய்து பார்த்தவர்கள் பெரியவர்களிலும் யாரும் இருக்க மாட்டார்கள்.

விலங்கைக் கொண்டு மனிதனை உருவாக்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. நம் முன்னோர்கள் அதில் கைதேர்ந்தவர்கள். அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்பதே இந்தப் பாடம்.

முதலில் என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம். நான் மத்திய ரயில்வேயில் சேர்ந்த காலத்தில் பழைய மின்சார இஞ்சின் வகை ஒன்று இன்னும் உயிரோடு இருந்தது. 1928 வாக்கில் சுவிட்சர்லாந்து வடிவமைப்பில் வந்து, பம்பாய்க்கும் புனேக்கும் இடையே மலைப்பாதையில் சரக்கு வண்டிகளை இழுத்த இஞ்சின் அது. நடுவில் உயரமான அறை, இரு பக்கமும் தாழ்ந்து நீண்ட மூக்கு. ஐரோப்பாவில் இந்த வடிவ இஞ்சினுக்கு 'முதலை' என்று பெயர். நம் தொழிலாளிகள் வைத்த பெயர் 'கேக்டா', அதாவது நண்டு. ஓடும்போது சக்கரங்களை இணைக்கும் தண்டுகள் வெளியே தெரிய மடங்கி நீண்டு சுழலும். நிற்கும்போது ஒருவிதமாக முனகிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்தும் கேட்டும் வைத்த பெயர். முதலை என்றவர் இஞ்சினின் உருவத்தைப் பார்த்தார். நண்டு என்றவர் அது ஓடும்போது பக்கத்தில் நின்றார். கதை எழுதுகிறவர் நிற்கவேண்டிய இடம் இந்த இரண்டாமவர் நின்ற இடம்தான்.

இனி நன்னூலுக்கு வருவோம். இலக்கணம் என்றதும் வேப்பங்காய் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய இந்நூலின் பாயிரத்தில் மாணாக்கர் எத்தனை வகை என்று சொல்லும் இடம் ஒன்று உண்டு. அன்னமும் பசுவும் போன்றவர் முதல் தரம். மண்ணும் கிளியும் போன்றவர் நடுத்தரம். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி போன்றவர் கடைசித் தரம். நெய்யரி என்பது நெய் வடிகட்டும் பன்னாடை. நல்ல நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த எட்டில் ஐந்து உயிருள்ளவை.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், பசு போன்ற மாணவன் என்றால் 'சாது' என்று பொருள் இல்லை. பசு புல்லைக் கண்ட இடத்தில் வயிறு நிறைய மேய்ந்துவிட்டு, பிறகு ஓர் இடத்தில் படுத்து, விழுங்கியதை வாய்க்குக் கொண்டுவந்து மெதுவாக அசைபோடும். பாடத்தை வகுப்பில் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கும் பிள்ளை அது. ஆடு ஒரு செடியில் இரண்டு இலை, அடுத்த செடியில் இரண்டு இலை என்று நுனி கடித்துக்கொண்டே போகும். எருமை குளத்தைக் கலக்கிவிட்டு அந்தக் கலங்கல் தண்ணீரையே குடிக்கும். ஆசிரியரைத் தொந்தரவு செய்து, அவர் மனம் கலங்கிய பிறகு பாடம் கேட்கும் மாணவன். இவை எல்லாம் மாட்டுத் தொழுவத்தின் அருகே நின்று பார்த்தவை. குணம் எதுவும் சொல்லப்படவில்லை. செயல் மட்டுமே சொல்லப்படுகிறது.

அன்னம் மட்டும் இந்த வரிசையில் எனக்கு ஒட்டவில்லை. தண்ணீரை விட்டுப் பாலை மட்டும் குடிக்கும் பறவை உலகில் கிடையாது. அது கேள்விப்பட்ட பெருமை. அதனால்தான் அன்னம் போன்ற மாணவனை நம்மால் கண்முன் கொண்டுவர முடிவதில்லை. ஆடு போன்ற மாணவனையோ நமக்கு நன்றாகத் தெரியும். கீபோர்டு வகுப்பில் இரண்டு மாதம், கராத்தேயில் ஒரு மாதம், பிறகு செஸ் என்று ஓடும் பிள்ளை பாண்டுப்பில் கட்டிடத்துக்கு ஒன்று உண்டு.

பெரியவர்களோடு சற்று வாதாடவும் இங்கே இடம் இருக்கிறது. ஆடு பலவகைத் தழைகளைக் கடிப்பதால் அதற்குப் பலவகைச் சத்து கிடைக்கிறது. எருமை குளத்தில் இறங்குவது குறும்பு செய்வதற்காக அல்ல. அதன் தோல் கறுப்பு, வியர்வைச் சுரப்பிகள் குறைவு. வெயிலில் உடம்பு கொதித்துவிடும். தண்ணீரில் கிடந்தால்தான் பிழைக்கும். குளம் கலங்குவது அதன் உடம்பின் தேவையால் வருவது. ஆசிரியரின் கண்ணுக்குத் தொந்தரவாகத் தெரியும் மாணவனுக்கும் இப்படி ஒரு சூடு உள்ளே இருக்கலாம் அல்லவா? அந்தச் சூடு என்ன என்று யோசிக்கும்போது கதை தொடங்கிவிடுகிறது.

எருமையை இன்னும் நுட்பமாகக் கையாண்டவர் சங்கப் புலவர் அள்ளூர் நன்முல்லையார். அகநானூற்றின் 46ஆம் பாடல் அவருடையது. மனைவியை விட்டு வேறொருத்தி வீட்டுக்குப் போய்த் திரும்பிய கணவன் வாசலில் வந்து நிற்கிறான். தோழி அவனை உள்ளே விட மறுக்கிறாள். அப்போது அவனுடைய ஊரைப் பற்றி ஒரு காட்சி சொல்கிறாள். சேற்றுத் தொழுவத்தில் நிற்கப் பிடிக்காத எருமை, ஊர் உறங்கும் நேரம் கட்டிய கயிற்றை அறுத்துக்கொள்கிறது, முள்வேலியைக் கொம்பால் தள்ளுகிறது, குளத்தில் இறங்குகிறது, மீன்கள் சிதறி ஓட, வள்ளைக் கொடி சிதைய, வண்டு மொய்க்கும் தாமரையை மேய்கிறது. அப்படிப்பட்ட ஊரை உடையவனே என்று அவனை விளிக்கிறாள், அவ்வளவுதான். 'நீ எருமை' என்று பாட்டில் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் வீட்டில் சலித்தது, கட்டை அறுத்தது, தடையைத் தாண்டியது, சுற்றியிருந்தவர்கள் கலங்கியது, பூவைத் தின்றது எல்லாம் ஒவ்வொன்றாக அவன்மேல் போய் விழுகின்றன. தொல்காப்பியர் இதற்கு உள்ளுறை உவமம் என்று பெயர் வைத்திருக்கிறார். ஒரு நிலத்துக்கு உரிய விலங்கு, பறவை, மரம் போன்ற கருப்பொருள்களைக் கொண்டு இதை அமைக்கவேண்டும், தெய்வத்தை மட்டும் சேர்க்கக்கூடாது என்பது அவர் விதி. 'போல' என்ற சொல்லே இல்லாத உவமை.

ஒரே உயிரினம் ஒரே குணத்தைத்தான் தரும் என்று நினைத்துவிட வேண்டாம். கொக்கை எடுத்துக்கொள்ளுங்கள். திருக்குறளின் 490ஆம் குறளில் அது காலம் பார்த்துக் காத்திருக்கும் அறிவாளி. குறுந்தொகையின் 25ஆம் பாடலில் கபிலர் அதே கொக்கு வகைப் பறவையைக் கொண்டுவருகிறார். தலைவன் அவளைச் சேர்ந்த இடத்தில் வேறு எவருமே இல்லை. ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகு மட்டும் நின்றது. அவன் கைவிட்டால் சாட்சி சொல்ல அந்தப் பறவைதான். அது எதைப் பார்த்தது? மீனை. அறிவாளிப் பறவை இங்கே பக்கத்தில் நின்றும் எதையும் காணாத சாட்சியாக மாறிவிட்டது. இரண்டிலும் பறவையின் செயல் ஒன்றே: அசையாமல் நின்று மீனைப் பார்ப்பது. யார் பார்வையில் அது விழுகிறது என்பதுதான் வேறு. விபத்து நடந்த இடத்தில் ஆயிரம் பேர் இருந்தும் 'நான் கவனிக்கவில்லை' என்று சொல்லும் லோக்கல் ரயில் பயணியை எழுத விரும்புகிறவர்கள் கபிலரின் குருகைப் படித்துவிட்டு எழுதலாம்.

பஞ்சதந்திரத்திலும் இதே பாடம் உண்டு. (அதைத் தாண்டவராய முதலியார் 1826இல் தமிழ் உரைநடைக்குக் கொண்டுவந்தது மராத்தி வழியாக என்பது மகாராஷ்டிரத்தில் வாழும் நமக்கு ஒரு சந்தோஷமான செய்தி.) சிங்கத்தையும் காளையையும் பிரித்த கதையில் நரிகள் இரண்டு. தமனகன் பதவி ஆசை பிடித்தவன். கரடகன் வேண்டாத வேலைக்குப் போகாதே என்று தடுப்பவன். நரி என்றாலே தந்திரம்தான் என்றால் ஒரு நரி போதுமே! இரண்டு நரிகளை வைத்ததால்தான் அங்கே பேச்சு நடக்கிறது, கதை நகர்கிறது.

பெயரையே விலங்கிலிருந்து எடுப்பதும் ஒரு வழி. ஆங்கிலேயரான பென் ஜான்சன் 1606 வாக்கில் எழுதிய 'வோல்போனி' நாடகத்தில், சாகக் கிடப்பதாக நடிக்கும் பணக்காரனுக்கு நரி என்று பொருள்படும் பெயர். அவன் சொத்துக்காகச் சுற்றி வருகிறவர்களுக்குக் கழுகு, அண்டங்காக்கை, காகம் என்று பெயர்கள். விஜய் தெண்டுல்கரின் 'கிதாடே' நாடகமும் சொத்துக்காக அடித்துக்கொள்ளும் ஒரு குடும்பத்தைப் பற்றியதுதான். 1970இல் டாக்டர் ஸ்ரீராம் லாகூவின் இயக்கத்தில் மேடையேறியது. கிதாடே என்றால் பிணந்தின்னிக் கழுகுகள். எனக்கு அந்தத் தலைப்பில் பிடித்தது ஒன்று உண்டு. பிணந்தின்னிக் கழுகு செத்ததைத்தான் தின்னும். அந்தக் குடும்பத்தார் உயிரோடு இருப்பவர்களைக் குதறுகிறார்கள். விலங்குக்கும் மனிதனுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியில்தான் நாடகம் இருக்கிறது. (அந்தக் கழுகுகள் இப்போது அரிதாகிவிட்டன. மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தே அவற்றைக் கொன்றது என்று 2004இல் கண்டுபிடிக்கப்பட்டு, 2006இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டது.)

இந்த இடைவெளியை மறந்தால் என்ன ஆகும்? போட்டிக்கு வந்த ஒரு கதையில் பால்காரர் ஒருவர் வந்தார். உத்தரப் பிரதேசத்துக்காரர், 'பையா'. எருமை மாதிரி உடம்பு, எருமை மாதிரி மூளை என்று இரண்டு வரி. கடைசியில் அவர் சாக்கடையில் விழ, சாலில் உள்ளவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். எழுதிய பிள்ளை கெட்ட பிள்ளை அல்ல. நடை கூட நன்றாகவே இருந்தது. ஆனால் 1960களின் பிற்பகுதியில் இதே நகரில் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கோஷம் எழுந்தபோது நம் பெரியவர்களைத் தமிழன், மலையாளி, கன்னடத்தான் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. எல்லோரும் 'மதராசி', எல்லோரும் 'லுங்கி'. ஒரு சொல்லுக்குள் ஆளை அடைத்துவிட்டால் பிறகு அவனைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. 1994இல் ருவாண்டா நாட்டு வானொலியில் ஓர் இனத்தாரைக் கரப்பான்பூச்சிகள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அதன்பின் சுமார் நூறு நாட்களில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். சிறுபிள்ளையின் கதையை இதோடு ஒப்பிடுவது அதிகம் என்று சிலர் நினைக்கலாம். விதை எங்கே விழுகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

அந்தப் பால்காரரை நன்னூல் முறையில் எழுதினால் எப்படி இருக்கும்? தபேலாவில் எருமைகளோடு ஒரே கூரையின் கீழ் படுக்கிறார். விடியுமுன் எழுகிறார். எருமை கட்டுத்தறியிலேயே நின்று அசைபோடுவதுபோல் அவரும் ஊரை விட்டு வந்த நாள் முதல் அதே இடத்தில் நின்று எதையோ அசைபோட்டுக்கொண்டிருக்கிறார். எதை? எருமைக்கு ஊர் நினைவு இருக்கிறதா என்று தெரியாது, அவருக்கு உண்டு. வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார், கடிதத்துக்குப் பதில் இப்போது கைப்பேசியில் பேசுகிறார். நம் பாட்டன்மார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிடும் வேலை செய்த கதையும் இதுதான் என்று எழுதுகிற பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' சிறுகதையைப் படிக்காதவர்கள் தேடிப் படிக்கவேண்டும். ஜெமினி ஸ்டூடியோவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். கதையும் ஒரு சினிமாக் கம்பெனியில்தான் நடக்கிறது. வேலை கேட்டு ஒருவன் வருகிறான். பெயர் காதர். புலிவேஷம் கட்டுவது அவன் வித்தை. யாரும் அவனைப் பெரிதாக நினைக்கவில்லை. அவன் புலித்தலையை மாட்டிக்கொண்டதும் அந்த அறையில் இருந்தவர்கள் உறைந்துபோகிறார்கள், புலியே வந்துவிட்டது. சாதாரண எழுத்தாளர் இங்கே கைதட்டலோடு நிறுத்தியிருப்பார். அசோகமித்திரன் நிறுத்தவில்லை. புலித்தலையைக் கழற்றியதும் மறுபடியும் வேலைக்காகக் கெஞ்சி நிற்கும் ஏழை மனிதன் அங்கே நிற்கிறான். பின்னால் அவனைத் தேடியபோது ஆள் கிடைக்கவில்லை. புலிக்கு யாரிடமும் கெஞ்ச வேண்டிய நிலை இல்லை. புலியாகவும் இருந்து, கெஞ்சவும் வேண்டியிருப்பவனை நம்மால் மறக்க முடிவதில்லை.

இனி நம் பாண்டுப்பிலேயே ஒன்றைச் செய்து பார்ப்போம். நமக்கு மேற்கே மலைச்சரிவில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா, சுமார் 104 சதுர கிலோமீட்டர் காடு. அங்கே சிறுத்தைகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். சிறுத்தை போன்ற ஆள் என்றால் பாய்வான், சீறுவான் என்று எழுதத் தோன்றும். ஆனால் சிறுத்தை பெரும்பாலும் என்ன செய்கிறது? பகலில் படுத்துக் கிடக்கிறது. ராத்திரியில் குடிசை ஓரமாக, சுவர் ஓரமாக, சத்தமில்லாமல் நடக்கிறது. தெருநாயைப் பிடித்துத் தின்கிறது. மனிதர்களைக் கண்டால் ஒதுங்குகிறது. லட்சக்கணக்கான ஜனங்களுக்கு நடுவே வாழ்கிறது. காலையில் கேமராவைப் பார்த்த பிறகுதான் நேற்று வந்துபோனது தெரிகிறது.

இதை ஒரு மனிதனாக்குங்கள். சாலில் குடியிருக்கும் ஒருவர். இரவு ஷிப்ட். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரைப் பார்த்தே மாதக்கணக்காகிறது. வாசலில் செருப்பு இருந்தால் உள்ளே தூங்குகிறார். இல்லையென்றால் வேலைக்குப் போயிருக்கிறார். படியில் காலடி ஓசை கேட்காது. இதுவரை சிறுத்தை. இனி சிறுத்தைக்கு இல்லாத ஒன்றைச் சேர்க்கவேண்டும். சிறுத்தைக்குக் கடன் கிடையாது, வெட்கம் கிடையாது. இவருக்கு உண்டு. எல்.பி.எஸ். ரோட்டில் வரிசையாக இருந்த தொழிற்சாலைகள் பல மூடிப்போய் அங்கே மாடிக் கட்டிடங்கள் வந்துவிட்டன அல்லவா? இவருடைய கம்பெனியும் மூடி நாலு மாதம் ஆகிவிட்டது. வீட்டில் சொல்லவில்லை. மனைவி கட்டிக்கொடுக்கும் டிபன் டப்பாவோடு தினமும் ராத்திரி பத்து மணிக்குப் புறப்படுகிறார். எங்கே போகிறார்? அந்த டப்பாவை எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்? இதை நான் எழுதப் போவதில்லை. யாராவது இளைய எழுத்தாளர் எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன். ஒன்று மட்டும்: 'சிறுத்தை' என்ற சொல் அந்தக் கதையில் வரக்கூடாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வீட்டில் பிள்ளைகளைக் கோபத்தில் 'எருமை', 'கழுதை' என்று திட்டுகிறோம். பிள்ளைகளின் தமிழில் விலங்குப் பெயர்கள் வசவாக மட்டும் மிஞ்சிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஞாயிற்றுக்கிழமை ஆரே காலனிப் பக்கமோ அருகில் உள்ள தபேலாவுக்கோ அழைத்துப்போய் அந்த எருமையைக் காட்டலாம். தொழுவம், கட்டுத்தறி, கன்று, சீம்பால் என்ற சொற்களும் அங்கேயே வாயில் ஏறும்.

அடுத்த போட்டிக்கு எழுத இருப்பவர்களுக்கு வீட்டுப்பாடம் இதோ. ஏதாவது ஓர் உயிரினத்தைக் கால் மணி நேரம் பாருங்கள். ஜன்னலில் உட்காரும் காக்கையே போதும். அது செய்தவற்றை மட்டும் பத்து வாக்கியங்களில் எழுதுங்கள். 'போல', 'மாதிரி' இரண்டும் கூடாது, 'தந்திரமான', 'பாவமான' போன்ற சொற்களும் கூடாது. பிறகு அதில் மூன்று செயல்களை மட்டும் எடுத்து ஒரு மனிதருக்குக் கொடுங்கள். அந்த உயிரினத்துக்கு இல்லாத ஒன்றையும் அவருக்குக் கொடுங்கள். காக்கையைப் பார்க்கிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளலாம்: குயில் காக்கைக் கூட்டில்தான் முட்டை இடுகிறது; தீனி கொடுத்து வளர்ப்பது காக்கை. வைகாசியில் குயிலின் பாட்டைக் கேட்டு மகிழ்கிற நாம் அதே ஜன்னலில் காக்கையை விரட்டுகிறோம். தம்பி பிள்ளையை வளர்த்து ஆளாக்கிய அத்தைமார் நம் குடும்பங்களில் எத்தனையோ பேர்.

குளிர்காலத்தில் எழுதுகிறவர்கள் பாண்டுப் பம்பிங் ஸ்டேஷன் பக்கம் கழிமுகத்துக்குப் போனால் பூநாரைகளைப் பார்க்கலாம். தலையைத் தலைகீழாக நீரில் வைத்து இரையை அரித்துத் தின்னும் பறவை. குஞ்சாக இருக்கும்போது சாம்பல் நிறம்; தின்னும் இரையால்தான் இறகு சிவக்கிறது. வேற்றூர்த் தீனியில் வளரும் நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி எழுத இதைவிட நல்ல பறவை இந்தப் பக்கத்தில் கிடையாது. நீர் வற்றிச் சேறு தெரியும் நேரமாகப் பார்த்துப் போகவும். சேற்றில் இறங்கவேண்டாம்.

பார்த்து எழுதிய பத்து வாக்கியங்களையும் கதையோடு சேர்த்து அனுப்பவும். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதவும்.